எதிர்ப்பக்கத்துக்கு ஒரு டிக்கெட்

பொதுமக்கள் வழக்கமாகச் சாலையைக் கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடுகள் போட வேண்டும். அதற்குச் சற்று முன்பே இருபுறமும் எச்சரிக்கைப் பலகை நட வேண்டும். இருட்டிலும் கடப்பவர் தெரியும்படி விளக்கு வைக்க வேண்டும். விதி இவ்வளவுதான். சுருக்கமான, நல்ல விதி. யாரோ ஒருவர் உண்மையிலேயே சாலையோரம் நின்று யோசித்து எழுதியிருக்கிறார் என்பது படிக்கும்போதே தெரியும். ஆரணியில் தேவிகாபுரம் சாலை ஊரை விட்டு வெளியேறும் இடத்தில், எங்கள் தெருமுனைக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே, அந்த விதி பொருந்தியிருக்க வேண்டும். அங்கே இருந்தவை: இரண்டு பக்கமும் ஒவ்வொரு பஸ் நிறுத்தம், தன் கம்பத்திலேயே திரும்பிக்கொண்டு வானத்தைச் சுட்டும் ஓர் அம்புக்குறிப் பலகை, பல்பு இல்லாத ஒரு மின்கம்பம்.

அம்புக்குறி வானத்தைச் சுட்டியதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாங்களும் அதைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

நான் தாலுகா அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேசையில் படுக்கும், எந்த மேசையில் எழுந்து உட்காரும் என்பது எனக்குத் தெரியும். என் மனைவி உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. சூரியக் குடும்பத்தைப் பலகையில் வரைந்து வரைந்து சனிக் கோளின் வளையத்தை ஒரே இழுப்பில் போடுமளவுக்குத் தேர்ந்தவள். ஆனால் சர்வீஸ் முழுவதும் மாலை ஆறு மணிக்குமேல் அவள் நிமிர்ந்து பார்த்ததெல்லாம் சமையலறைப் பரணைத்தான். ஓய்வுக்குப் பிறகு வலது முட்டியில் ஆபரேஷன் ஆயிற்று. கைத்தடி வந்தது. "சமதளத்துல நடங்க, ஓடக்கூடாது, அவசரமே கூடாது" என்றார் டாக்டர். நடந்து எங்கே போவது என்று யோசித்தவள், ஒருநாள் மின்வெட்டில் மொட்டை மாடிக்குப் போய் நின்றாள். கீழே இறங்கி வந்து, "ஏங்க, நான் பாடம் நடத்தினதெல்லாம் நெசமாவே அங்க கீதுங்க" என்றாள்.

மின்சாரம் திரும்பி வந்ததும் எல்லாம் போய்விட்டது. ஒருபுறம் பவர்லூம் கொட்டகையின் விளக்குகள், மறுபுறம் பட்டுக்கடை விளம்பரப் பலகை. அதில் மணப்பெண் ஒருத்தி இரவெல்லாம் தூங்காமல் சிரித்துக்கொண்டிருப்பாள். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் நிலாவும் அவளும் மட்டும்தான் தெரிவார்கள். நட்சத்திரம் வேண்டுமென்றால் சாலையைக் கடந்து ஏரிக்கரைக்குப் போக வேண்டும்.

நான் உடனே டெலஸ்கோப் வாங்க மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டு எழுத உட்கார்ந்தேன்.

"நீங்க மூணு கொட்டேஷன் வாங்கி முடிக்கறதுக்குள்ள நட்சத்திரமே அவிஞ்சிடும்" என்றாள். "மொதல்ல வெறும் கண்ணு போதுமாம். அப்பறம் பைனாகுலரு. டெலஸ்கோப் எல்லாம் வானத்துல வழி தெரிஞ்சவங்களுக்கு."

அவள் சொன்னது சரி. பைனாகுலர் மட்டும் வாங்கினோம். புதிதாக நட்சத்திரம் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான். நிலா இல்லாத நாட்களாகப் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய மாலைகள் உத்தமம். போனதும் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பிவிடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும். அதற்குள் ஒருமுறை செல்போனைப் பார்த்தால் பழகியது முழுவதும் வீண்; மறுபடி முதலிலிருந்து. வரைபடம் பார்க்க வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணின் பழக்கத்தைக் கெடுக்காது. எல்லாவற்றையும் ஒரே நாளில் தெரிந்துகொள்ளப் பார்க்காதீர்கள். மார்கழி மாலையில் கிழக்கே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டால், பக்கத்தில் சிவந்திருக்கும் திருவாதிரை தானே வரும். அதிலிருந்து ரோகிணி, அதிலிருந்து கொத்தாகக் கார்த்திகை. ஒரு வீட்டு விலாசம் தெரிந்தால் தெருவே தெரிந்த மாதிரி.

என் மனைவிக்கு ஒன்றுதான் குறி. அருந்ததி. எங்கள் கல்யாணத்தில் உச்சிவெயில் நேரத்தில் புரோகிதர் எங்களை மண்டப வாசலுக்கு அழைத்துப்போய் வெள்ளை வானத்தைக் காட்டி "தெரிகிறதா?" என்றார். "தெரியுது" என்றோம். பின்னால் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள், வேறென்ன சொல்வது? "அன்னிக்கி ஊரு பூரா கேக்கறாப்ல பொய் சொன்னேன். இன்னொரு தபா போயி நெசமா பாத்துட்டா சரியாப் போயிடும்" என்பாள். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர். அவரை ஒட்டிக்கொண்டு மங்கலாக இருப்பவள் அருந்ததி. தை மாதத்தில் அந்த மண்டலம் நள்ளிரவுக்குத்தான் மேலே வரும். சித்திரையில் பொழுது சாய்ந்ததுமே வடகிழக்கில் நிற்கும். ஆனி பிறந்தால் மேகம். ஆகவே சித்திரையும் வைகாசியும்தான் அவளுடைய அவகாசம்.

நடுவில் சாலை.

அந்த இடத்தில் ஆரணிக்காரர்கள் சாலையைக் கடப்பதில்லை, பாய்கிறார்கள். செங்கல் லாரி, பால் வண்டி, கல்யாணப் புடவை எடுத்துத் திரும்பும் கார்கள், நெல் மூட்டையோடு ஆடும் டிராக்டர் என்று ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். பகலில் இடைவெளி தெரிந்ததும் வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஒரே ஓட்டம். ஓட முடியாதவருக்கு அங்கே வழி கிடையாது. டாக்டர் என் மனைவியை ஓடக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஒருவர் நடந்து கடக்கக்கூடிய இடமாக அந்தச் சாலை மாற வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு வானம் கிடையாது. விஷயம் அவ்வளவுதான்.

எங்களோடு எதிர்வீட்டு சிஸ்டரும் வந்தார். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எலும்பு முறிவு வார்டில் நெடுநாள் இருந்ததால் சாலைகளைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. "நடைபாதை இல்லாத ரோட்ல வலது பக்கமா நடக்கணும் சார், எதுக்கால வர்ற வண்டியைப் பாத்துகினு. முதுகுல அடி வாங்கினவங்களைத்தான் நான் அதிகமாப் பாத்திருக்கேன்" என்பார். வளைவில் கடக்காதே, நிற்கும் பஸ்ஸுக்கு முன்னால் புகாதே, இருண்ட நிறத்தில் உடுத்தாதே என்று அவர் போட்ட சட்டங்கள் எல்லாவற்றையும் நான் ஆட்சேபணை இன்றி ஏற்றுக்கொண்டேன்.

நிறத்தைப் பற்றிய சட்டத்தில்தான் பக்கத்து வீட்டுப் பட்டுக்காரர் நுழைந்தார். நாலு தறி வைத்திருப்பவர். ஊரில் எந்தக் கேள்விக்கும் ஜரிகையில் பதில் இருக்கிறது என்று நம்புபவர்.

"சார், கண்ணுக்குத் தெரியணும், அவ்ளோதானே? நம்ம ஜரிகை இருக்கும்போது இன்னா கவலை? கல்யாண மண்டபத்துல கடைசி வரிசைல ஒக்காந்தவனுக்கே மின்னுது, லாரிக்காரனுக்கு மின்னாதா?"

கரை சரியாக விழாததால் ஒதுக்கி வைத்திருந்த புடவைகளிலிருந்து அகலமான ஜரிகைக் கரைகளை வெட்டி, தோளில் குறுக்கே போட்டுக்கொள்ளும் பட்டைகளாகத் தைத்துக் கொடுத்தார். வீட்டுக் கூடத்தில் டியூப் லைட் அடியில் போட்டுப் பார்த்தோம். மூன்று பேரும் உற்சவ மூர்த்திகளைப் போல ஜொலித்தோம். ஆரணியில் பிறந்த எவனுக்கும் இதில் சந்தேகம் வந்திருக்காது. எனக்கும் வரவில்லை.

மாசி அமாவாசை மாலை, ஏரிக்கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அகத்திய நட்சத்திரத்தைத் தெற்கே கண்டுபிடித்த சந்தோஷத்தில் என் மனைவி கையிலிருந்த சிவப்பு டார்ச்சை அணைக்க மறந்திருந்தாள். சாலை விளிம்பில், இடைவெளிக்காக நின்றோம். வலப்பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. அது எங்களை விட்டு விலகிச் செல்லவில்லை. எங்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருந்த மண்ணில் ஏறி, என் மனைவியின் முழங்கையை உரசி, கோரைப் புல்லில் போய்ச் சாய்ந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிஸ்டர் முட்டியைத் தொட்டுப் பார்த்து, "ஒண்ணும் ஆகல, நீட்டாதீங்க, அப்படியே இருங்க" என்றார்.

பைக்கை ஓட்டியவர் சேற்றோடு எழுந்து வந்தார். நடுத்தர வயது, ஹெல்மெட் போட்டிருந்தார், அதுவே அன்றைய அதிர்ஷ்டம்.

"யோவ் பெருசு, இன்னாய்யா இது? செவப்பு லைட்ட இடுப்பு ஒசரத்துல புடிச்சிகினு நிக்கறீங்க! முன்னாடி ஒரு வண்டி போவுது, டெயில் லைட்டுன்னு நெனச்சி லெஃப்ட்ல ஏறினேன். மனுசன் நிக்கறான்னு எவனுக்குத் தெரியும்?"

"இந்தப் பட்டை தெரியவில்லையா?" என்றேன்.

"எந்தப் பட்டை?"

"ஜரிகை."

அவர் தன் வண்டி விளக்கை எங்கள் பக்கம் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணியும் தெரியலியே. கறுப்பாத்தான் கீது." பிறகு என் மனைவியைப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டு, "அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா? ஏன்மா இந்த நேரத்துல சாமி ஊர்வலம் மாதிரி ரோட்ல நிக்கறீங்க?" என்று கேட்டார்.

அவர் சொன்னதை மறுநாள் மாலையே சோதித்துப் பார்த்தேன். பட்டுக்காரரைப் பட்டையோடு தெருக்கோடியில் நிறுத்திவிட்டு, பைக்கின் விளக்கைப் போட்டுக்கொண்டு இந்தக் கோடியில் நின்றேன். மண்டபத்தில் நாலா பக்கமும் விளக்கு. ஜரிகை ஏதாவது ஒரு பக்கம் மின்னித்தான் தீரும். சாலையில் விளக்கு ஒன்று, பார்க்கும் கண்ணும் அந்த விளக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஜரிகை வாங்கிய வெளிச்சத்தை வயலுக்கும் சுவருக்கும் தாராளமாக வாரி வழங்கியது. வண்டிக்காரனுக்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை. பட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது. "வேற ஊரு ஜரிகையா இருக்கும் சார்" என்றார்.

அதற்குள் சென்னையிலிருக்கும் எங்கள் மகளுக்குச் செய்தி போய்விட்டது. "அம்மா இனிமே அந்த ரோட்டைத் தாண்டக் கூடாது. அவ்ளோதான். யூடியூப்ல எல்லா நட்சத்திரமும் இருக்கு" என்றாள். என் மனைவி சரி என்று சொல்லி போனை வைத்தாள். வாதாடாமல் அவள் சரி என்று சொன்னது எங்கள் வீட்டில் அதுவே முதல்முறை. பைனாகுலரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து பீரோவின் மேல்தட்டில் ஏற்றச் சொன்னாள். நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் தட்டு. முட்டி ஆபரேஷன் ஆனவள் தனக்கு எட்டாத இடத்தில் ஒரு பொருளை வைக்கச் சொன்னால் அதற்கு ஓர் அர்த்தம்தான்.

நான் இறக்கிக் கீழ்த்தட்டில் வைத்தேன். பேனாவை எடுத்தேன்.

மனு எழுதுவதில் எனக்குக் கர்வம் உண்டு. விதியை முதல் பத்தியில் வைத்தேன். இடத்தின் படம் வரைந்து இணைத்தேன். கோடு, பலகை, விளக்கு என்று மூன்று கோரிக்கைகள். விளக்கைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு வரி: வெளிச்சம் சாலையின் மேல் மட்டும் விழும்படி மேல்மூடி போட்டுக் கீழ்நோக்கி அமைக்க வேண்டும். கோடு ஒரு துறை, விளக்கு இன்னொரு அலுவலகம், ஏரிக்கரை மூன்றாவது இடம். ஒன்றுக்கு எழுதினால் மற்ற இரண்டைக் கைகாட்டுவார்கள். ஆகவே மூன்றுக்கும் எழுதி, மற்ற இருவருக்கும் அனுப்பியிருப்பதை ஒவ்வொருவருக்கும் தெரியும்படி கீழே குறிப்பிட்டேன். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குத் திருவண்ணாமலை போய் நேரிலும் கொடுத்து ஒப்புகை வாங்கினேன்.

பங்குனி பிறந்தது. பதில் இல்லை. எனக்குப் பதில் வராதது ஆச்சரியமில்லை. ஆனால் கார்த்திகைக் கொத்து மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. வானம் எங்கள் கோப்புக்காகக் காத்திருக்கப்போவதில்லை.

வழியைக் கண்டுபிடித்தவர் சிஸ்டர்தான். "போறப்போ பொழுதோட போயிடலாம், வண்டிக்காரனுக்கு நம்மளைத் தெரியும், வண்டியும் கம்மி. வர்றதுதான் பேஜார். ஏரிப் பக்கம் நிக்கற பஸ்ஸு ஊருக்குள்ளதான் போவுது. அதுல ஏறி ஸ்டாண்டுக்குப் போயி, அங்கேர்ந்து வெளிய வர்ற பஸ்ல நம்ம தெருப் பக்கம் வந்து எறங்கினா, ரோட்டைத் தாண்டவே வேணாம்."

அவர் சொன்னபடியே, முப்பதடி அகலச் சாலையைக் கடக்க ஊருக்குள் போய் ஊரை விட்டு வந்தோம். தேவிகாபுரத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸே ஸ்டாண்டில் திரும்பி வெளியே வந்தது. அதில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. எனக்கு மட்டும் உண்டு.

"எங்க போவணும்?" என்றார் கண்டக்டர்.

"எதிர்ப்பக்கம்."

"எதிர்ப்பக்கம்னா?"

"நாங்கள் ஏறினோமே, அந்த இடத்துக்கு எதிரே."

அவர் என்னையும் மடியில் பைனாகுலரோடு இருந்த என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க, வீட்ல சொல்லிட்டுதான் வந்தீங்களா?"

"வீடே இதுதான்" என்று என்னைக் காட்டினாள் அவள்.

இரண்டாம் தடவை போனபோது கண்டக்டர் கேட்கவில்லை. "எதிர்ப்பக்கம் ஒண்ணு" என்று கிழித்துக் கொடுத்தார். மூன்றாம் தடவை, "இன்னிக்கி இன்னா சார் தெரிஞ்சிது?" என்றார். பதிலுக்குப் பஸ்ஸே காத்திருந்தது. "மேகம்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "இதுக்கா போய்ட்டு வந்தாங்க" என்றார்.

பங்குனிக் கடைசியில் சாலைத்துறை அலுவலகத்துக்கு நேரில் போனேன். மேசையிலிருந்த உதவியாளர் என் கோப்பைத் தேடாமலே எடுத்தார். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

"சார், உங்க மனு நல்லா இருந்திச்சி. ஆளை அனுப்பி பாத்துட்டோம். மூணு சாயங்காலம் நின்னு பாத்தாரு. இருட்டினப்பறம் ஒருத்தரும் ரோட்டைத் தாண்டல சார்."

"எப்படித் தாண்டுவார்கள்? உயிர்மேல் ஆசை இருக்கிறதே."

"அதுக்கு நான் இன்னா பண்றது? வழக்கமா கடக்கற இடம்னு ரூல்ல கீது. யாருமே கடக்கலன்னா அது கடக்கற இடமே இல்லியே."

ஆபத்தைத் தவிர்க்க பஸ் ஏறிப் போனோம். பஸ் ஏறிப் போனதாலேயே ஆபத்து இல்லை என்று ஆகிவிட்டது. எதிர்க்கட்சி வக்கீலாக நானே இருந்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாக என் வழக்கைத் தோற்கடித்திருக்க முடியாது.

"இன்னொண்ணு சார்," என்றார் அவர், கோப்பைப் புரட்டிக்கொண்டே. "லைட்டு வேணும்னு எழுதிகீறீங்க, வெளிச்சம் மேல வரக்கூடாதுன்னும் எழுதிகீறீங்க. ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம். ஒருத்தருக்கும் புரியல."

விளக்கினேன். தலையாட்டினார். புரிந்ததா என்று தெரியவில்லை.

வார்டு கவுன்சிலருக்கு என் மனு வேறு வழியில் எட்டியிருந்தது. ஒருநாள் காலை வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், கேட்டதற்கு மேலே கொடுக்கிறவர். அதுதான் பயம்.

"சார், சின்ன லைட்டு எதுக்கு? ஹைமாஸே போட்டுடறேன். நாலு பக்கமும் பகல் மாதிரி இருக்கும். ஏரி அந்தக் கரை வரிக்கும் அடிக்கும்!"

காபி கொண்டுவந்த என் மனைவி தம்ளரைக் கீழே வைத்தாள். "அய்யய்யோ, வேணாங்க."

"வேணாமா? ஊரே லைட்டு கேட்டு என்னை பேஜார் பண்ணுது. நீங்க வேணான்றீங்க?"

"ரோடு எனக்குத் தெரியணும். வானத்துக்கு ரோடு தெரிய வேணாம். தொப்பி போட்ட சின்ன லைட்டு ஒண்ணு குடுங்க, போதும்."

கவுன்சிலர் என் பக்கம் திரும்பி, "மேடம் டீச்சரா இருந்தவங்கதானே?" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனார். அந்த உயர்கோபுர விளக்கு வேறொரு முச்சந்திக்குப் போயிற்று. அங்கே இப்போது இரவில் கொக்குகள் தூங்குவதில்லை என்று கேள்வி.

ஆக, குறை என்பது ஆட்கள் கடக்காததுதான். நான் சித்திரை அமாவாசைக்கு ஒரு திட்டம் போட்டேன். மீண்டும் ஆய்வு கேட்டு எழுதி, நாளையும் நேரத்தையும் நானே குறிப்பிட்டு, அன்று தெருவையே ஏரிக்கரைக்கு நடத்திப்போவது.

"இது கள்ள ஓட்டு மாதிரி இல்லியா?" என்றாள் என் மனைவி. "கணக்குக்குக் கூட்டம் சேத்துகினு போறது."

"ஓடத் தெரிந்தவன் ஓடுகிறான், மற்றவன் வீட்டில் இருக்கிறான். வீட்டில் இருப்பவனைத்தான் காட்டப்போகிறேன்."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நெசமாவே நட்சத்திரம் காட்டணும். சும்மா அந்தப் பக்கம் போய்ட்டு இந்தப் பக்கம் வரக்கூடாது."

பட்டுக்காரர் தன் மானத்தை மீட்டுக்கொள்ள இதுதான் சமயம் என்று கண்டுகொண்டார். நம்பர் பிளேட் எழுதும் கடையில் லாரிக்குப் பின்னால் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர் சுருளாக வாங்கி வந்தார். பட்டைக்கு நடுவே ரேடியம், இரு ஓரமும் ஜரிகைக் கரை. "உடல் அவன்து, கரை நம்மள்து" என்றார். தெருக்கோடியில் மறுபடி சோதித்தோம். பைக் விளக்கில் அவர் நெருப்புப் பிடித்தவர் போல எரிந்தார். ஜரிகை வழக்கம்போலக் கறுத்தே இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்று மாலை தறிகள் நின்றதும் தெரு திரண்டது. நெசவாளிகள், அவர்கள் வீட்டார், சர்ச்சில் பாட்டுப் பயிற்சி முடித்துவிட்டு சிஸ்டரோடு வந்த பெண்கள், காலையில் மட்டும் நடக்கும் சர்க்கரைக்காரர்கள். தேர்தல் பணியில் வாக்குச்சாவடி வரிசையை நிர்வகித்த அனுபவம் வீண்போகவில்லை. வலப்பக்கமாக, ஒற்றை வரிசையில், சாலையைப் பார்த்து நிறுத்தினேன். சிஸ்டர் முன்னால், நான் பின்னால். கையில் வெள்ளை டார்ச், வெளிச்சம் தரையை நோக்கி. சிவப்பு டார்ச்சுகள் எல்லாம் பைக்குள்.

"யாரும் ஓடக்கூடாது" என்றார் சிஸ்டர். "ஓடினா நாளைக்கி நான்தான் கட்டுப் போடணும்."

செங்கல் லாரி ஒன்று தூரத்திலேயே வேகம் குறைத்தது. பட்டைகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்வதைப் பார்த்து டிரைவர் ஏதோ சோதனைச் சாவடி என்று நினைத்திருக்க வேண்டும், நின்றே விட்டார். சாலை ஆய்வாளர் ஒருவர் பைக்கில் சாய்ந்தபடி எண்ணிக்கொண்டிருந்தார். என் மனைவி தடியை ஊன்றி, தன் வேகத்திலேயே, நடுச்சாலையில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கடந்தாள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

"சார், இவங்க எல்லாரும் வழக்கமா கடக்கறவங்களா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"வழி இருந்தால் கடப்பார்கள். நீங்களும் வாருங்கள்."

கரையில் என் மனைவி வகுப்பெடுத்தாள். ஏழு முனிவர்கள் வடகிழக்கில் சரியாக வந்து நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் வசிஷ்டரைக் காட்டினாள். அருந்ததியை மட்டும் யாருக்கும் காட்ட முடியவில்லை. அவள் நிமிரும்போதெல்லாம் யாராவது ஒருவர் வானத்தைப் போட்டோ எடுக்க செல்போனை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அக்கா, போட்டோல ஒண்ணுமே விழல!"

"கண்ணுல விழட்டும்டி மொதல்ல. அதை உள்ள வை!"

"தெரியுதா?" என்று பட்டுக்காரர் தன் மனைவியைக் கேட்டார். "தெரியுது, தெரியுது" என்றாள் அந்த அம்மாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நாங்கள் அன்று சொன்ன அதே குரல்.

பிறகும் அவர்கள் வந்தார்கள். எல்லோரும் அல்ல, பாதிப் பேர். பட்டையைப் போட்டுக்கொண்டு, ஓடாமல். நாங்களும் அந்த வரிசையிலேயே போய்த் திரும்பினோம். இதை நான் திட்டமிடவில்லை.

சித்திரை முடியும் முன் ஒரு காலையில் பால் வாங்கப் போனவன் நின்றுவிட்டேன். சாலையின் குறுக்கே ஈரம் காயாத வெள்ளைக் கோடுகள். சற்றுத் தள்ளி இருபுறமும் நடக்கும் மனிதன் படம் போட்ட பலகை. சில நாள் கழித்து மின்கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தது. விளக்கைப் பொருத்திய ஆள் தகர மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எதுக்கு சார் போடச் சொல்றாங்க? மழைக்கா?" என்றார். "மழைக்கும்தான்" என்றேன்.

வைகாசியில் ஒருநாள் மதியம் தபால்காரர் ஓர் அரசாங்க உறை கொடுத்தார். பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இத்தனை நாள் காத்திருந்த எனக்கு, அதைக் காக்க வைக்கும் உரிமை உண்டு. அன்று சிஸ்டரின் சர்ச்சில் ஒரு கல்யாண வரவேற்பு, தெருவே அங்கே போயிருந்தது. வரிசைக்கு ஆள் இல்லை. நாங்கள் இருவர் மட்டும், பொழுது நன்றாக இருட்டிய பிறகு, கோட்டுக்கு முன்னால் நின்றோம். பால் வண்டி நின்றது. அதன் பின்னால் வந்த கார், கொஞ்சம் முனகிவிட்டு நின்றது. அவள் கடந்தாள். நான் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள்.

கரையில் செல்போன்கள் இல்லை. விளக்கு தன் தொப்பிக்குள் தலையைக் குனிந்துகொண்டு சாலையை மட்டும் பார்த்தது. கண் பழகும்வரை காத்திருந்தோம். சப்தரிஷிகள் வடக்கே நன்றாக உயர்ந்திருந்தார்கள். அவள் பைனாகுலரை எடுக்கவில்லை. வெறும் கண்ணால் நெடுநேரம் பார்த்தாள்.

"ஏங்க."

"சொல்லு."

"பக்கத்துலயே கீறா. சின்னதா. உங்களுக்குத் தெரியுதா?"

தெரியவில்லை. எனக்குக் கண்புரை ஆரம்பம். "இல்லை" என்றேன்.

"பரவால்ல. இந்த தபாவாவது உண்மையச் சொன்னீங்களே" என்று பைனாகுலரைக் கொடுத்தாள். அதில் தெரிந்தது.

திரும்பும்போது கரையோரம் சற்று நின்று, வெள்ளை டார்ச்சைத் தரையில் அடித்து, கண்களை வண்டி வெளிச்சத்துக்குப் பழக்கிக்கொண்டோம். இது சிஸ்டரின் சட்டம். புதிதாக வருகிறவர்கள் மறந்துவிடுவது. பிறகு கடந்தோம். தெருப் பக்கம் வந்ததும் மூடிபோட்ட விளக்கின் அடியில் நின்று உறையைப் பிரித்தேன். நல்ல வெளிச்சம், கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது. மேற்படி இடத்தில் பாதசாரிக் கடவுக் கோடுகள், எச்சரிக்கைப் பலகை மற்றும் விளக்கு அமைப்பது குறித்த தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்றும், நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு உரிய காலத்தில் ஆவன செய்யப்படும் என்றும் எழுதியிருந்தது.

பழக்கம் விடவில்லை. பேனாவை எடுத்து, கடிதத்தின் மேல் மூலையில் பெறப்பட்ட தேதியைக் குறிக்கப் போனேன்.

"இங்கிலீஷ் தேதி போடாதீங்க" என்றாள். "எனக்கு ஞாபகம் இருக்கற மாதிரி எழுதுங்க."

எழுதினேன்: பெறப்பட்டது, வைகாசி அமாவாசை.